நான்கு நிமிடக் கட்டணம்

எங்கள் கவுண்டரில் பொய்க்கு விலை உண்டு. அந்த விலையைப் பார்த்துச் சொல்லிப் பணத்தை வாங்கிப் போடுவதுதான் என் வேலை. அதற்கு மேல் எனக்கும் வருகிறவர்கள் கதைக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. ஆறு வருடமாக இருந்ததில்லை.

திருப்பூர் காங்கேயம் சாலையில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், நேர்க்கரம் என்று ஒரு பணம் அனுப்பும் நிலையம் இருக்கிறது. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். பெயர் மோகனப்பிரியா, வருகிறவர்களுக்கு மோகனாக்கா. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இந்த வேலைக்கு அதுவே பெரிய தகுதி என்று மேலாளர் நேர்முகத் தேர்விலேயே சொல்லிவிட்டார். வெளிநாட்டில் இருக்கிற கணவனுக்கோ மனைவிக்கோ பணம் அனுப்ப வங்கிக்குப் போனால் நூற்றுக்கு இருபது பிடிப்பார்கள். எங்களிடம் அரை சதவீதத்திலும் முடியும். எல்லாருக்கும் முடியாது.

வங்கியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒருவருடைய குரலையும் முகத்தையும் அச்சு அசலாகச் செய்து தருகிற செயலிகள் டீ குடிக்கிற காசுக்குக் கிடைக்க ஆரம்பித்தன. மனைவி அழுதுகொண்டே கூப்பிடுவாள், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உடனே அனுப்புங்கள் என்பாள். இருப்பதையெல்லாம் வழித்து அனுப்பிவிட்டு விசாரித்தால் அவள் வேலைக்குப் போயிருப்பாள், போனே பேசியிருக்க மாட்டாள். ஊர் ஊராக இப்படி நடந்து, இழப்பீடு கொடுத்துக் கொடுத்துக் காப்பீட்டுக்காரர்கள் ஓய்ந்துபோய், கடைசியில் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்புகிற பணம் எதுவானாலும் நூற்றுக்கு இருபது என்று போட்டுவிட்டார்கள். நல்லவன் கெட்டவன் எல்லாருக்கும் ஒரே அடி.

சஷ்டிவேல் முதல் தடவை வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம். இருபத்தெட்டு வயது. பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை, கறை பார்த்து ஒதுக்குகிற செக்கிங் வேலை. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் பணம். வாசலிலேயே நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"ஏனுங்க்கா, இங்க அரை பர்சென்டுல அனுப்பறீங்கன்னு சொன்னாங்க?"

"அது உங்க கையிலதான் இருக்குது தம்பி. உக்காருங்க. யாருக்கு அனுப்போணும்?"

"என்ற ஊட்டுக்காரிக்குங்க. பேரு அமுதினி. பின்லாந்துல இருக்கறாளுங்க. வயசானவங்களைப் பாத்துக்கற நர்ஸ் படிப்பு, ரெண்டரை வருசம். ஃபீசு நாலு தவணை, அது போக மாசாமாசம் சோத்துச் செலவு."

"அப்ப அதோ, அந்த ரூமுக்குள்ள போயி அவங்ககூட நாலு நிமிசம் பேசோணும். முடிக்கறப்ப ஸ்க்ரீன்ல ஒரு நம்பர் நிக்கும். அதுதான் கட்டணம்."

"பேசறதுக்கும் கட்டணத்துக்கும் என்னங்க்கா சம்பந்தம்?"

இதை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"குரலைச் செஞ்சர்றான், மூஞ்சியைச் செஞ்சர்றான், சரி. ஆனா ஒருத்தர் மனசுல எதையோ மறைச்சு வெச்சுட்டுப் பேசுனா, மூச்சு, நாக்கு, நடுவுல விடற இடைவெளி எல்லாத்துலயும் ஒரு இறுக்கம் வருதாமா. ஏமாத்தறவன் எதையாச்சும் மறைச்சுத்தான ஆகோணும்? அந்த மெசின் அதை மட்டுந்தான் கேக்கும். மறைப்பு கம்மின்னா கட்டணம் கம்மி. எச்சுன்னா எச்சு."

"நாங்க பேசறது பூராத்தையும் கேக்குமுங்களா?"

"வார்த்தை அதுக்குத் தெரியாது. நீங்க பேசறது தமிழா தெலுங்கான்னே தெரியாது. ரெண்டு பேருத்துக்கும் சேத்து ஒரே நம்பர் காட்டும், அவ்வளவுதான். யார் மறைக்கறாங்க, என்னத்தை மறைக்கறாங்கன்னு எனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது. இங்க காட்டற நம்பர்தான் அங்க அவங்களுக்கும் காட்டும்."

"நீங்க வெளிய நிப்பீங்களாக்கா?"

"உள்ளதான் இருப்பேன். சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கோணும், சட்டம். என்னைய அந்த ஃபேனாட்டம் நெனச்சுக்குங்க."

அவன் சிரித்துவிட்டு உள்ளே போனான். அன்றைக்கு அவர்கள் பேசியது இன்னமும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதில் ஒன்றுமே இல்லை. பனி எவ்வளவு உயரம் கிடக்கிறது என்று அவள் கையால் அளந்து காட்டினாள். காலையில் அவன் செய்த உப்புமா கல்லாகிவிட்டதைப் பற்றி இரண்டு நிமிடம் போயிற்று. நம்பர் அரையில் வந்து நின்று, நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

எங்கள் ஆட்கள் அந்த இயந்திரத்தைக் காது என்று சொல்வார்கள். அதைச் செய்தவர்கள் நம் ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்பது என் அபிப்பிராயம். வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது, அங்கேயிருந்தும் சொல்லக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறுகிறவர்கள் கிடையாது. பல்லடத்தில் இருந்து ஒரு பெண் வருவாள். மாமியார் இறந்து நாற்பது நாள் ஆகியும் ஓமனில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் சம்பளம் வராமல் இருக்கிற கணவனுக்குச் சொல்லவில்லை. லீவு கிடைக்காது, தனியாகக் கிடந்து அழுவார், எதற்கு என்றாள். "அம்மா எங்க?" என்று அவன் கேட்க, "கோயிலுக்குப் போயிருக்காங்க" என்று இவள் சிரித்துக்கொண்டே சொன்னபோது நம்பர் பதினேழு. கட்டிவிட்டுப் போனாள். எங்களிடம் மிகக் குறைந்த கட்டணம் யாருக்குத் தெரியுமா? உள்ளே போனதும் ஒருத்தரையொருத்தர் கண்டபடி திட்டிக்கொள்கிற ஒரு ஜோடிக்கு. நான்கு நிமிடமும் சண்டை, அரை சதவீதம். மாதம் தவறியதில்லை.

கீழே பேக்கரியில் இதற்கு வைத்தியமே உண்டு. கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு பேசு, வந்ததும் நம்பரைப் பார்க்காதே, சினிமாவைப் பற்றி மட்டும் பேசு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒன்றும் பலிக்காது. நான் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. நம்பரைச் சொல்வேன், கைரேகை வாங்குவேன்.

சஷ்டிவேலுக்கு ஒரு வருடம் அரையும் முக்காலுமாகத்தான் ஓடியது. போன ஆடி மாதம் முதல் தடவையாக ஐந்து வந்தது. நான் அவனைப் பார்த்தேன். அவன் இயந்திரத்தைப் பார்த்தான்.

"மெசின்ல ஏதாச்சும் கோளாறுங்களாக்கா?"

"இருக்கலாம்."

கோளாறு இல்லை. ஐப்பசி வந்தபோது பதினான்கு ஆனது. அதற்குப் பிறகு பதினான்குக்குக் கீழே இறங்கவே இல்லை. அவர்கள் பேச்சில் மட்டும் மாற்றமில்லை. சோறு உண்டீங்களா, உண்டேன், நீ உண்டியா, உண்டேன். "அடுத்த குளிருக்கு நீங்களும் இங்க இருப்பீங்க மாமா, அப்பத் தெரியும் உங்க சூரத்தனம்" என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். அதுதான் அவர்களுடைய ஏற்பாடு. அவள் படித்து முடித்து வேலையில் சேர்ந்ததும் குடும்ப விசாவில் அவனைக் கூப்பிட்டுக்கொள்வது, குழந்தை குட்டியெல்லாம் அதற்கப்புறம். அவன் பாஸ்போர்ட் எடுத்துவைத்திருந்தான்.

பிப்ரவரி முதல் வாரம் அவன் வந்து பணம் அனுப்பாமல் சும்மா உட்கார்ந்தான். கூட்டம் கொஞ்சம் குறையட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கவுண்டருக்கு வந்தான். பேசுவதற்கு முன்னால் இருமினான். நான் அவன் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்களில் நீலம் ஏறி அப்பிக்கொண்டிருந்தது.

"கடைசித் தவணைங்க்கா. ஆறு லட்சம். இருபதாந்தேதிக்குள்ள அங்க முழுசாப் போய்ச் சேரோணும். ஒரு ரூபா கொறஞ்சாலும் சீட்டை எடுத்துருவாங்களாம். கட்டணத்துக்குன்னு என்றகிட்டப் பத்தாயிரந்தான் இருக்குதுங்க. பதினாலு பர்சென்டுன்னா எம்பத்திநாலாயிரம் வருது. நானும் கேக்காத எடமில்லீங்க."

"வண்டி ஒண்ணு வெச்சிருக்கீங்கல்ல?"

"அறுவதுக்குக் கேட்டாங்க. அதைக் குடுத்தாலும் பத்தாதுங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நம்பரைக் கொறைக்க ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

"இருக்குது. மறைக்கறதைச் சொல்லிப்போடுங்க."

அவன் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டான். என்னிடம் சொல்வதற்கு மனிதர்கள் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வதில்லை, ஃபேனிடம் சொல்கிற மாதிரிதானே.

"செக்கிங்குக்குக் கேமரா மெசின் வந்துருச்சுங்க்கா. ஆனி மாசம் எங்க பதினோரு பேத்தையும் நிறுத்திப்போட்டாங்க. இப்ப சாயப்பட்டறையில இருக்கறேன். கசடுத் தொட்டிக்குள்ள எறங்கி வழிச்சு எடுக்கற வேலை. மூணு மடங்கு சம்பளம்."

"அதுக்கு மெசின் இல்லீங்களா?"

"விட்டாங்க. ஆறே மாசத்துல அரிச்சுப் போச்சாமா. மெசின் வெலை எச்சுங்க, ஆளுன்னாக் கட்டுபடியாகுது." அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை, விவரமாகச் சொன்னான். "அமுதினியோட அப்பன் அந்தத் தொட்டியில வேலை செஞ்சுதான் நெஞ்சு வெந்து செத்தாருங்க்கா. கல்யாணத்தன்னிக்கு அவ என்றகிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. பட்டினி கெடந்தாலும் சாயப்பட்டறைப் பக்கம் போகப்படாதுன்னு. சரின்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடுத்தனுங்க."

"இப்ப அதைச் சொல்லிட்டா நம்பர் எறங்கிரும்."

"சொன்னா அவ அடுத்த பிளேன்ல வந்து எறங்கிருவாளுங்க்கா. படிப்பாவது மண்ணாவதுன்னு தூக்கிப் போட்டுட்டு வந்து என்ற கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருவா. அவ அப்படித்தான். பொறவு இந்தப் பணத்தை நான் யாருக்குங்க்கா அனுப்பறது?"

சொல்லாவிட்டால் பணம் குறையும், படிப்பு போகும். சொன்னால் பணம் முழுசாகப் போகும், வாங்கிக்கொள்ள அவள் அங்கே இருக்க மாட்டாள். இந்தச் சட்டத்தைப் போட்டவர்களையும் இயந்திரத்தைச் செய்தவர்களையும் ஒரு நாள் என் கவுண்டரில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

பதினெட்டாம் தேதி மத்தியானம் அவன் திரும்ப வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. நகத்தைத் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறான், விரல் நுனியெல்லாம் சிவந்து கிடந்தது.

"நேத்தோட நின்னுட்டனுங்க்கா. கணக்கு முடிச்சு வாங்கியாச்சு. சோமனூர்ல துண்டு நெய்யற ஒரு தறியில வரச் சொல்லிருக்காங்க, சம்பளம் கம்மிதான், போனாப் போகுது. இனி ஃபீசு கட்டற வேலையுமில்லியே."

"அதுக்கும் நம்பருக்கும் என்ன தம்பி சம்பந்தம்?"

"அட, இப்ப அவகிட்டத் தைரியமாச் சொல்லிருவனுங்க. போனேன், தப்புத்தான், இப்ப நின்னுட்டேன். இனி அவ எதுக்குக் கெளம்பி வாறா? நின்னவனை வந்து என்னன்னு நிறுத்துவா?" என்றான். "வைவா. வையட்டும். நாலு நிமிசந்தான?"

சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. ஆறு வருடத்தில் அந்தக் காதை இப்படி நேர் வழியில் மடக்கப் பார்த்தவன் வேறு யாருமில்லை. ஆறு லட்சத்துப் பத்தாயிரத்தை எண்ணி உறையில் போட்டுவிட்டு அவனோடு உள்ளே போனேன்.

அமுதினி திரையில் வந்தாள். கம்பளித் தொப்பி, பின்னால் ஒரு சின்ன ஜன்னல், அதற்கு வெளியே எல்லாம் வெள்ளை. நம்பர் பதினான்கில் தொடங்கியது. அவன் சுற்றி வளைக்கவில்லை.

"கண்ணு, ஒண்ணு சொல்லோணும். நடுவுல பேசாத. ஆனி மாசமே எனக்கு வேலை போயிருச்சு. சாயப்பட்டறைக்குப் போனேன். தொட்டி வேலை. நேத்தோட நின்னுட்டேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு வைய ஆரம்பித்தாள். "சத்தியம் பண்ணுனீங்கல்ல மாமா? எங்கப்பனை நீங்களே தூக்கிட்டுப் போனீங்கல்ல ஆஸ்பத்திரிக்கு? பாத்தீங்கல்ல? எட்டு மாசம்! எட்டு மாசமா சோறு உண்டேன், நல்லாருக்கேன்னு என்றகிட்டப் பேசிட்டு இருந்திருக்கீங்க. இருமல் இருக்குதா? நெசத்தைச் சொல்லுங்க."

"கொஞ்சம் இருக்குது. டாக்டர்கிட்டக் காட்டிட்டேன். ஊதச் சொல்லி ஒரு மருந்து குடுத்துருக்காரு. நீ அளுகாத."

"இனிமே போனீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

"போகமாட்டேன். தெய்வத்துமேல ஆணை."

நம்பர் இறங்கிக்கொண்டே வந்தது. பதிமூன்று, பதினொன்று, பத்து. அவன் ஒரு கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே பேசினான், முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பதில் வந்து நின்றது.

"அம்புட்டுத்தான் கண்ணு. வேற ஒண்ணுமே இல்ல" என்றான்.

ஒன்பது.

"துணிமணி, வண்டி எல்லாம் அப்படியேதான் இருக்குது. கடனும் வாங்கல."

ஒன்பது. அசையவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆடியில் ஐந்து ஏறியது, ஐப்பசியில் ஒன்பது ஏறியது. இரண்டு தடவையாக ஏறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், பதிவும் என் கையால்தான் போட்டிருக்கிறேன். அவனுடையது அந்த ஐந்துதான். தன் பொய் ஒன்றுதான் உலகத்திலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எட்டு மாதமாக மொத்தத்தையும் தன் தலையில் போட்டுச் சுமந்திருக்கிறான் மடையன். நானாவது சொல்லியிருக்கலாம். யோசிக்கவே இல்லை.

அவனுக்கும் உறைத்துவிட்டது. ஆனால் அவன் கேட்கவில்லை. திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க எவ்வளவு காட்டுது மாமா?" என்றாள் அமுதினி.

"ஒம்போது. அங்கயும் அதான காட்டும்?"

"ம்."

நேரம் ஒன்றரை நிமிடம் மீதி இருந்தது. அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஐப்பசியில ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன் மாமா. கடைசி வருசம் படிக்கோணும்னா, படிச்சு முடிச்சதும் இவங்க சொல்ற முதியோர் இல்லத்துல ஆறு வருசம் வேலை செய்யறேன்னு எழுதிக் குடுக்கோணும். அங்கயேதான் தங்கோணும். வருசத்துக்குப் பத்து நாள் லீவு. குடும்ப விசா கெடையாது."

அவன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் திரைப் பக்கம் இழுத்துப் போட்டான்.

"போடலீன்னா அன்னிக்கே திருப்பி அனுப்பிருப்பாங்க. நீங்க கட்டுன மூணு தவணையும் தண்ணியில போயிருக்கும். கூட இருந்த புள்ளைங்க எல்லாம் போட்டாங்க. நானும் போட்டேன்."

"ஆறு வருசம்" என்றான் அவன்.

"ஆறு வருசம்."

"என்றகிட்டச் சொல்லிருக்கலாமே கண்ணு."

"சொன்னா நீங்க கடைசித் தவணை கட்டமாட்டீங்கன்னு பயந்துட்டேன் மாமா. எனக்கு இந்தப் படிப்பு வேணும். உங்களையும் இங்க கூப்புட்டுக்கறதுக்குத்தான் வந்தேன், அது நெசந்தான். ஆனா இப்ப எனக்கு இதுவும் வேணும்."

நம்பர் சரசரவென்று இறங்கி அரையில் வந்து நின்றது. சத்தமில்லை, மணியடிக்கவில்லை. அரை சதவீதம், மூவாயிரம் ரூபாய். அவன் கையில் இருக்கிற பத்தாயிரத்தில் ஏழாயிரம் மிஞ்சும். முதல் தடவை எந்த விலையைக் கேட்டுக்கொண்டு வந்தானோ, அந்த விலைக்கே ஆறு லட்சமும் போகும். அது எதற்குப் போகிறது என்று இப்போது அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபது நொடி இருந்தது. அவன் எதுவும் பேசாமல் இருந்தால் போதும். காதுக்குக் குரல் வேண்டும், மௌனத்தில் அது எதையும் படிக்காது. வாயை மூடிக்கொண்டு உட்கார் தம்பி என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

"மாமா" என்றாள் அவள். "எம்மேல கோவமா?"

அவன் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டான்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு" என்றான். மூன்று. "ஆறு வருசங்கறது என்ன, கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள போயிரும்." ஏழு. "எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீ நிம்மதியாப் படி."

பதினொன்று. திரை அணைந்தது.

அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கவுண்டருக்கு வந்ததும் நான் என் வழக்கத்தை விட்டுவிட்டேன். பொறுக்கவில்லை.

"தம்பி, ஒரு நாளைக்கு ரெண்டு தரம் பேசலாம். இன்னொருக்கா உள்ள போங்க. கோவந்தான், வருத்தந்தான்னு சொல்லிப்போடுங்க. ஒரே நிமிசம். மூவாயிரத்துல போயிரும்."

"இப்ப எவ்வளவுங்க்கா வருது?"

"அறுவத்தாறாயிரம். உங்ககிட்டப் பத்துதான் இருக்குது."

"அம்பத்தாறு கொறையுது" என்றான். "வண்டிக்கு அறுவது குடுப்பாங்க. ஒரு மணி நேரம் டைம் குடுங்க."

"ஏனுங்க, உங்களுக்குப் பைத்தியமா? ஒரு வார்த்தை நெசம் சொல்றதுக்கு ஒரு வண்டியா?"

அவனுக்கு என்மேல் கோபம் வரவில்லை. யோசித்துத்தான் சொன்னான். "அவ அங்க ஒத்தையாக் கெடக்கறாளுங்க்கா. கோவம்னு ஒரு வார்த்தையைச் சொல்லி வெச்சுட்டா அதை வெச்சுட்டு ஆறு வருசம் உக்காந்திருப்பா. என்றகிட்ட அது இருந்துட்டுப் போகட்டும்."

ஐந்து மணிக்குள் வந்தால் அதே நம்பர் செல்லும் என்றேன். நாலேகாலுக்கு நடந்து வந்தான். பணத்தை வைத்தான், எண்ணினேன், கைரேகை வாங்கினேன்.

அதோடு முடியவில்லை. கட்டணத்தை இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் பணம் நகரும். அங்கே அவளுடைய போனில் இரண்டு பட்டன் வந்திருக்கும். ஒன்று சம்மதம், இன்னொன்று மறுபடி பேச வேண்டும். அவள் இரண்டாவதைத்தான் தொடுவாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கோபமில்லை என்று அவன் சொல்லச் சொல்ல அந்த நம்பர் ஏறியதை அவளும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவன் எந்தப் பொருளை விற்றாவது கட்டுவான் என்பதும் அவளுக்குத் தெரியும். எட்டு மாதக் கதைக்கு அப்படி வைதவள், இதை விடுவாளா? கூப்பிடுவாள், நெசத்தைச் சொல்லுங்க மாமா என்பாள், அவன் சொல்வான், மூவாயிரத்தோடு போகும், வண்டியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். நான் உள்ளறையின் விளக்கைக்கூட அணைக்கவில்லை.

அவன் நின்றுகொண்டே இருந்தான். உட்காருங்கள் என்றேன், பரவாயில்லை என்றான். ஒன்பது நிமிடம் ஆனது.

சம்மதம் என்று வந்தது.

எழுந்து போய் உள்ளறை விளக்கை அணைத்தேன். ரசீதை அடித்து அவன் கையில் கொடுத்தேன். ஆறு லட்சம் முழுதாக.

"போயிருச்சுங்களா?"

"போயிருச்சு தம்பி. இந்நேரம் காலேஜுக்கே போய்ச் சேந்திருக்கும்."

"மறுபடிப் பேசோணும்னு அவ கேக்கலீங்களா?"

"இல்லீங்க."

அவன் ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். படி வரைக்கும் போனவன் திரும்பி வந்தான்.

"ஏனுங்க்கா, கடைசியில பதினொண்ணு காட்டுச்சுல்ல. அதை அவளும் பாத்திருப்பாளா?"

"இல்லீங்க. கடைசி அரை நிமிசம் அந்தப் பக்கம் லைன் விட்டுப்போச்சு. அவங்களுக்கு அரைதான் காட்டிருக்கும். வெவரம் கேக்காம சம்மதம் குடுத்துட்டாங்க" என்றேன்.

எங்கள் நிலையத்தில் லைன் விட்டுப்போனால் பரிமாற்றமே ரத்தாகிவிடும். இரண்டு வருடமாக வருகிறவனுக்கு அது தெரியாமல் இருக்காது. அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரிங்க்கா" என்றான். "அப்ப நல்லதாப் போச்சு."

கீழே இறங்கிப் போய் சோமனூர் பஸ்ஸுக்கு நின்றான்.